முள்ளைப் பிடித்த ஊர்

கிட்ட வாங்க, என் தங்கங்களா. கதவைச் சாத்திவிட்டு வாங்க, குன்றிலிருந்து இறங்குகிற காற்று கணுக்காலைக் கடிக்கிறது. ஈர பூட்ஸைக் கழற்றி நெருப்போரம் வையுங்கள். இடம் பற்றாவிட்டால் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொள்ளுங்கள்; இந்தக் கதைக்கு அப்படி உட்காருவதுதான் பொருத்தம். ஒரு கையைப் பற்றிய கதை சொல்கிறேன். பேய் கிடையாது, கொள்ளைக்காரன் கிடையாது. ஆனாலும் கேட்டு முடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் கையை ஒருதரம் திரும்பிப் பார்ப்பீர்கள். பாருங்களேன்.

மகாராணி புருஷனை இழந்த துக்கத்தில் கறுப்பு உடுத்தத் தொடங்கிச் சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. எங்கள் பெர்ரிங்கோம்ப் ஊரில், ஆற்றோரப் புல்வெளிக்குப் போகும் சந்தின் கடைசி வீட்டில் திர்சா ஹாக்கெட் இருந்தாள். இடையன் சைலஸின் மனைவி. சைலஸ் போன பிறகு அவளும் அடுப்பும்தான். பிள்ளை இல்லை. அவளுக்கு என்று சொல்லிக்கொள்ள இருந்தது இரண்டு கைகள். பெரிய கைகள், சிவந்தவை, முட்டி முட்டியாக விரல்கள். ஊரில் பாதிப் பேரைப் பிரசவத்தில் ஏந்தி வாங்கியதும் அந்தக் கைதான், கண் மூடினவர்களைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும் அந்தக் கைதான். யார் வீட்டில் வலி கண்டாலும், யார் வீட்டில் மூச்சு நின்றாலும், “திர்சாவைக் கூப்பிடு” என்பார்கள்.

அப்புறம் ஒரு குளிர்காலம் தொண்டை ஜுரம் வந்தது.

பிள்ளைகளாகப் பார்த்துப் பிடித்தது அது. பிள்ளைகளோடு சில தாய்மாரும் படுத்துவிட்டார்கள். ஜுர வீட்டு வாசற்படியை மிதிக்க ஆள் இல்லை. திர்சா மிதித்தாள். கஞ்சி ஊட்டினாள், தொண்டைக்கு ஒத்தடம் கொடுத்தாள், போர்வையைக் கொதிக்க வைத்தாள். பிழைத்தது பிழைத்தது. போன பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, வெள்ளை உடுத்திப் பெட்டியில் வைத்தாள்.

ஜுரம் ஒழிந்ததும் ஊர் அவளுக்கு நன்றி சொன்னது. மனசாரத்தான் சொன்னது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னது.

யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததில்லை. முகம் சுளித்தவர்களும் இல்லை. பன்றி அடித்தால் அவளுக்கு ஒரு துண்டு மதிலின் மேல் வந்து உட்கார்ந்திருக்கும். முட்டை வாசலில் இருக்கும். விறகு, திண்டு போல அடுக்கிக் கதவோரம் இருக்கும். கொண்டுவந்தவர் மட்டும் இருக்கமாட்டார். ஜெமைமா பர்னெலின் கடைக்குப் போனால், முன்பெல்லாம் தேயிலைப் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் மூடிவிட்டு, “சூடா குடிங்கக்கா” என்பாள் ஜெமைமா. இப்போது பொட்டலத்தைப் பலகையின் மேல் வைத்து ஒரு விரலால் தள்ளுவாள். கண்ணை அலமாரிப் பக்கம் வைத்துக்கொண்டு, “வேற எதாவது வேணுமா?” என்பாள்.

ஜெமைமாவின் மகள் ரோடா அந்த ஜுரத்தில் போனவள். அப்போது ஜெமைமாவும் அடுத்த அறையில் நினைவில்லாமல் கிடந்தாள். பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்து மூன்றாம் நாள்தான் அவளுக்குக் கண் திறந்தது.

‘ஜுரத்துக்குப் பயப்படறாங்க, பாவம். என் கையில ஒட்டிக்கிட்டு இருக்கும்னு நினைக்கறாங்க’ என்று திர்சா தனக்குள் சொல்லிக்கொள்வாள். காரச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்ப்பாள். தோல்தான் உரிந்தது.

வருஷம் ஓடியது. மனுஷக் கை தன் கையில் படாமல் ஒருத்தி எத்தனை நாள் இருக்க முடியும் என்று நினைக்கிறீர்கள்? இருந்துவிட முடிகிறது, அதுதான் கொடுமை. மாலையில் புல்வெளிக்குப் போவாள். அங்கே ஒரு கிழட்டு ஆடு, சைலஸ் வளர்த்தது. அதன் காதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காது சூடாக இருக்கும். ஆடும் பொறுமையாக நிற்கும். இருட்டினதும் வீட்டுக்கு வந்து, ஒரு கோப்பையைக் கழுவி, ஒரு கோப்பையைத் துடைத்து வைப்பாள்.

இனி கிளிப்பிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாற்பது நாள் நோன்பு தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய், வீட்டில் இருக்கும் முட்டையையும் வெண்ணெயையும் பான்கேக்காகச் சுட்டுத் தீர்த்துவிட்டு, ஊரே கோயிலுக்குப் போகும். சுவரைச் சுற்றிக் கையோடு கை கோத்து வளையமாக நின்று பாடும். பாட்டு முடிந்ததும் ஓவென்று கத்திக்கொண்டு சுவரை நோக்கி ஓடி, நெற்றி கல்லில் இடிக்கிற அளவுக்கு நெருங்கி, திரும்ப வரும். அதுதான் கிளிப்பிங். எங்கள் பக்கத்துப் பழைய பேச்சில் ‘கிளிப்’ என்றால் இரண்டு கையாலும் கட்டிப்பிடிப்பது. தாய் பிள்ளையைக் கிளிப் பண்ணுவாள்; ஊர் கோயிலைக் கிளிப் பண்ணும். வளையம் மூடினால் அந்த வருஷம் ஊருக்குக் குறையில்லை. மூடாத வருஷம் எப்படி இருக்கும் என்று சொல்ல யாரும் இல்லை, ஏனென்றால் மூடாமல் விட்டதே இல்லை.

ஜுரம் வந்த வருஷத்துக் கிளிப்பிங்கில் திர்சாவே முன்வந்து சொன்னாள்: “இந்தத் தடவை என் கை வேணாம். நான் உங்க கோட்டு, தொப்பியெல்லாம் பாத்துக்கறேன், நீங்க போய் நில்லுங்க.” எல்லாருக்கும் மூச்சு வந்தது. நல்ல மனசு என்றார்கள். மறு வருஷம் அவள் சால்வையைக் கழற்றிக்கொண்டு வளையத்துப் பக்கம் நடந்தபோது, யாரோ ஒரு கோட்டை அவள் கையில் போட்டு, “பத்திரம் அக்கா” என்றார்கள். பின்னாலேயே இன்னொரு கோட்டு வந்தது. ஒரு வருஷத்து மரியாதை மறு வருஷத்து வழக்கம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு கிளிப்பிங்குக்கும் அவள் தெற்கு வாசல் மதிலில், மடி நிறைய மற்றவர்களின் கம்பளிச் சூட்டோடு உட்கார்ந்து, முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாட்டு கோயிலைச் சுற்றி வரும். வடக்குப் பக்கத்திலிருந்து, “மூடியாச்சு!” என்று ஒரு குரல் வரும். தான் இல்லாமலே மூடிவிடுகிறது என்று நினைத்துக்கொள்வாள்.

ஒன்றை மட்டும் அவள் கவனித்திருந்தாள். சாம்பல் புதன் அன்று கடைக்குப் போனால் ஜெமைமாவின் வலது கை விரலெல்லாம் கீறல் கீறலாக இருக்கும். சாமந்திப் பூவும் பன்றிக் கொழுப்பும் காய்ச்சின களிம்பு திர்சா வீட்டில் உண்டு. கொடுக்கலாம் என்று வாய் வரைக்கும் வரும். அலமாரியைப் பார்த்தபடி இருக்கும் அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொள்ளும்.

கதை நடந்த வருஷம் ஊருக்குப் புதுப் பாதிரியார் வந்திருந்தார். கின்னர்ஸ்லி என்று பேர். பட்டணத்தில் பிறந்து பட்டணத்தில் படித்தவர், கல்யாணமாகாதவர், வெள்ளைக் கழுத்து, நல்ல பிள்ளை. கோயில் மணி அடிப்பதும் குழி தோண்டுவதும் ஒபதியாவின் வேலை. அவருக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது, இன்னொரு காது இஷ்டப்பட்டால் கேட்கும்.

“ஐயா, செவ்வாக்கிழமை கிளிப்பிங்” என்றார் ஒபதியா. “ஊரே வரும்.”

“ஊரேவா? ரொம்ப நல்லது! கத்தரி, அரிவாளெல்லாம் கோயில்ல இருக்கா, இல்ல அவங்கவங்க கொண்டு வருவாங்களா?”

“வருவாங்க ஐயா, எல்லாரும் வருவாங்க. போன தடவை கைக்குழந்தை கூட வந்துச்சு.”

பட்டணத்துப் பேச்சில் ‘கிளிப்’ என்றால் கத்தரிப்பது, பாருங்கள். ஆட்டு ரோமத்தைக் கத்தரிப்பது, வேலியைக் கத்தரிப்பது. ஊரே கூடித் தேவாலயத் தோட்டத்தைக் கத்தரித்துச் சுத்தம் செய்கிறதே என்று அவருக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று.

திங்கட்கிழமை காலை திர்சா சுள்ளி பொறுக்கிவிட்டு வரும்போது, கோயிலின் வடக்குப் பக்கத்திலிருந்து சடக் சடக் என்று சத்தம் கேட்டது. வடக்குப் பக்கம் யாரும் போவதில்லை. வெயில் படாத பக்கம், பாசி பிடித்த பக்கம், கிளிப்பிங் நாள் தவிர வருஷம் முழுக்க அது சாத்தானுக்கு விட்ட பக்கம். சந்திலிருந்தபடியே எட்டிப் பார்த்தாள். சுவரோரம் ஆள் உயரத்துக்கு நின்ற ஹாலிப் புதர், இலையோரமெல்லாம் முள்ளாக இருக்குமே அது, அடியோடு கிடந்தது. பக்கத்தில் பாதிரியார் நின்றார். சட்டைக் கை சுருட்டி, முகமெல்லாம் வியர்வை, கையெல்லாம் ரத்தம்.

“என்னங்க ஐயா இது!”

“நாளைக்குக் கிளிப்பிங் இல்லையா அம்மா? ஊரே வேலை செய்யும்போது நான் மட்டும் கையைக் கட்டிட்டு நிக்கலாமா? அதான் இருக்கறதுலயே பெரிய செடியா பாத்து இன்னைக்கே முடிச்சுட்டேன்.” சிரித்தார். “நல்லா முள்ளு. ஆனா முடிச்சுட்டேன்.”

திர்சா ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்தது. சுள்ளிக் கட்டைக் கீழே போட்டுவிட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ காலமாகச் சிரிக்காத சிரிப்பு, வரும்போது இருமலோடு வந்தது.

“ஐயா, ஐயா... கிளிப்பிங்னா வெட்டறது இல்லைங்க. கட்டிப்பிடிக்கறது. எல்லாரும் கை கோத்துக் கோயிலைச் சுத்தி நிப்பாங்க.”

பாதிரியாரின் வெள்ளைக் கழுத்து காதுவரை சிவந்தது. “அப்ப இந்தச் செடி?”

“செடிதானே, திரும்ப முளைக்கும். அதனால யாருக்கு என்ன போச்சு?”

“கையில ரத்தம் நிக்கல அம்மா, கொஞ்சம் கட்டி விடறீங்களா?” என்று இரண்டு கையையும் மதிலுக்கு மேலே நீட்டினார். சின்னப் பிள்ளை நீட்டுவது போல.

திர்சாவின் கை எழும்பியது. பாதியில் நின்றது. கவுன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மதிலின் மேல் வைத்து, ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினாள்.

“நீங்களே சுத்திக்குங்க ஐயா.”

தள்ளின விரலைப் பார்த்ததும் அவளுக்கே திக்கென்றது. அச்சு அசல் ஜெமைமாவின் விரல். என் கையும் கற்றுக்கொண்டுவிட்டதே என்று நினைத்தாள்.

பாதிரியாருக்கு ஒன்றும் தெரியவில்லை. பல்லால் முடிச்சுப் போட்டுக்கொண்டே, “நாளைக்கு நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க அம்மா?” என்று கேட்டார்.

“நானா? கோட்டுப் பக்கம், ஐயா.”

“அது கிழக்கா, மேற்கா?”

அவள் சுள்ளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து முடிவு செய்தாள். சாமான் வண்டி ஓட்டும் ஆம்ப்ரோஸ் ஒரு மாசமாகவே சொல்லிக்கொண்டிருந்தான்: “பிரிஸ்டல்ல உங்க தம்பி மகளைப் பாத்தேன். ‘அத்தை வந்தா ஒரு மூலை இருக்கு, புகைதான் கொஞ்சம் ஜாஸ்தி’ன்னா. வர்றீங்களா, சொல்லுங்க. முட்டைக் கூடைக்கு நடுவுல ஒரு இடம் போடறேன்.” வண்டி புதன்கிழமை காலையில் கிளம்பும். திர்சா தன் துணிமணியை ஒரு மூட்டையாகக் கட்டிக் கதவோரம் வைத்தாள். நாளை கோட்டு வாங்குவதில்லை. வெறுங்கையோடு போய் நிற்பது, கையை நீட்டுவது. ஒரு கை பிடித்தால் இந்த ஊர். பிடிக்காவிட்டால் அந்த வண்டி. அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பான்கேக் மணி அடித்தது. சந்து முழுக்க வெண்ணெய் கருகின வாசனை. திர்சா இருந்ததிலேயே நல்ல கவுனை உடுத்தி, மற்றவர்களுக்கு முன்னால் கோயிலுக்குப் போய், புல்லின் நடுவில் நின்றாள். கையைக் கவுனில் துடைத்தாள். ஈரம் போகவில்லை, திரும்பத் துடைத்தாள்.

முதலில் வந்தவன் கொல்லன் ஜேபஸ். எருமைக்கடா மாதிரி உடம்பு, ஊருக்கே கேட்கும் குரல். வரும்போதே கோட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

“ஜேபஸ், இந்த வருஷம் நான் வந்து...”

“இந்தாங்கக்கா!” கோட்டு அவள் நீட்டின கையின் மேலேயே வந்து விழுந்தது. “போன வருஷம் மாதிரி நாயை இது மேல படுக்க விட்டுடாதீங்க, வீட்டுக்காரி என்னைத் தோட்டத்துல படுக்க வச்சுட்டா!”

“அது இல்ல தம்பி, நான்...”

“அக்கா, என் தொப்பியை மேலாப்ல வைங்க, அடியில வச்சா அதுவும் பான்கேக் ஆயிடும்!” என்றாள் தையல்காரி. சிரித்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. கோட்டு, சால்வை, தொப்பி, இன்னொரு கோட்டு. கழுத்து வரை வந்துவிட்டது. நீட்ட நினைத்த கை இரண்டும் கம்பளிக்கு அடியில் புதைந்துபோயிற்று. கடைசியாக ஜெமைமா வந்தாள். அவள் கோட்டைக் கழற்றவில்லை, இந்த வருஷம் புதிதாக மாட்டியிருந்த தடித்த தோல் கையுறையையும் கழற்றவில்லை. திர்சாவைத் தாண்டி வடக்குப் பக்கம் போய்விட்டாள்.

திர்சா மதிலில் போய் உட்கார்ந்தாள். வேறென்ன செய்வது? சரி, வண்டிதான் என்று நினைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. கோட்டுகளின் சூடு மடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஆறிக்கொண்டிருந்தது. அவை எப்போதும் அப்படித்தான் ஆறும். பாட்டு முடிவதற்குள் வெறும் துணியாகிவிடும்.

பாட்டு தொடங்கியது. தெற்கிலிருந்து கிழக்கே போயிற்று. “மூடியாச்சு” என்ற குரலுக்குக் காத்திருந்தாள். பாட்டு நின்றது.

“ஏய், செடி எங்கடா?” ஜேபஸின் குரல்.

“என்னது?”

“செடிய்யா, செடி! ஹாலிச் செடி! எவன்டா வெட்டினது?”

“நான்தான்...” பாதிரியாரின் குரல் மெலிசாக வந்தது. “மன்னிக்கணும். கிளிப்பிங்னு சொன்னாங்க, நான் செடி வெட்டறதுன்னு நினைச்சுட்டேன்.”

தெற்குப் பக்கம் வெடித்துச் சிரித்தது. கைகோத்தபடியே குனிந்து குனிந்து சிரித்தார்கள். “நல்லவேளை, கட்டிப்பிடிக்கற நாள்ல கத்தரியோட வரல!” என்று ஒருத்தி கத்தினாள். வடக்குப் பக்கம் மட்டும் சிரிக்கவில்லை.

“சிரிப்பை நிறுத்துங்கடா!” என்றான் ஜேபஸ். “செடி இல்லாம எப்படி மூடறது? எல்லாரும் கையை இழுத்து நில்லுங்க! இன்னும்!”

செடி இல்லாமல் எப்படி மூடுவதா? திர்சாவுக்குப் புரியவில்லை. கோட்டுக் குவியலைக் கட்டிப்பிடித்தபடியே எழுந்தாள். கோபுரத்தைச் சுற்றி, நிழலுக்குள், இத்தனை வருஷமாக இந்த நாளில் அவள் கால் படாத அந்தப் பக்கம் போனாள்.

ஒரு பக்கம் ஜேபஸ், தோள்பட்டை கழன்றுவிடும் போல நீட்டின கை. மறு பக்கம் ஜெமைமா, கையுறை போட்ட கை. நடுவில், நேற்று வெட்டின அடிமரம், வெள்ளையாக. அதற்கு மேலே காற்று. ஒரு ஆள் அகலத்துக்குக் காற்று.

ஜுரத்துக்குப் பின்னால் எத்தனையோ குடும்பம் மில்லுக்கும் கனடாவுக்கும் போய்விட்டது. ஆள் குறையக் குறைய வளையம் பற்றவில்லை. ஜேபஸ் இந்தப் பக்கம் ஒரு கிளையைப் பிடித்துக்கொள்வான், ஜெமைமா அந்தப் பக்கம் ஒரு கிளையை. செடி நடுவில் நிற்கும், ஊர் அதன் வழியாக மூடிக்கொள்ளும். வெளியே யாரும் சொன்னதில்லை. சாம்பல் புதன் கீறல்கள் திர்சாவின் கண்முன் வந்தன.

“முள்ளைப் பிடிச்சீங்களா?” என்று கேட்டாள். குரல் அவளுடையது போலவே இல்லை. “வருஷா வருஷம்... என்னைக் கூப்பிடாம, முள்ளைப் பிடிச்சீங்களா?”

ஜேபஸின் முகம் உலை இரும்பு போலச் சிவந்தது.

“இல்லக்கா... நீங்க கோட்டு பாத்துக்கிட்டு இருந்தீங்களா... அதான்...”

“ஒரு ஆளுதானே குறையுது?” என்றார் ஒபதியா, தூரத்திலிருந்து, யாருக்கென்று இல்லாமல். “எண்ணிப் பாத்தேன். ஒண்ணே ஒண்ணு.” இஷ்டப்பட்ட காது அன்று நன்றாகத்தான் கேட்டது.

திர்சா கையை விரித்தாள். அவ்வளவு கோட்டும், சால்வையும், தையல்காரியின் தொப்பியும் ஈரப் புல்லில் விழுந்தன. யாரோ “ஐயையோ” என்றார்கள். அவள் அவற்றின் மேலேயே மிதித்து நடந்து, வெட்டின அடிமரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, இரண்டு கையையும் நீட்டினாள்.

ஜேபஸ் ஒரு கையைப் பிடித்தான். லபக்கென்று பிடித்தான், சம்மட்டியைப் பிடிப்பது போல. வலித்தது. அந்த வலிக்காக அவள் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள்.

மற்றக் கை நீட்டியபடியே நின்றது.

ஜெமைமா அதைப் பார்த்தாள். அலமாரியைப் பார்க்கவில்லை, கையையே பார்த்தாள்.

“அந்தக் கைதான் என் ரோடாவைக் குளிப்பாட்டுச்சு” என்றாள்.

“ஆமா, கண்ணு.”

“நான் பக்கத்து ரூம்லயே கெடந்தேன். என் பிள்ளையைக் கடைசியா நான் தொடல. நீங்க தொட்டீங்க.”

“ஆமா.”

அப்போதுதான் திர்சாவுக்குத் தெரிந்தது, ஊருக்கு எப்படியோ, ஜெமைமாவுக்கு இது ஜுரப் பயமே இல்லை என்று. காரச் சோப்பால் போகிற காரியமே இல்லை என்று.

வளையத்தில் பக்கத்தில் நின்றவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள்.

“தண்ணி...” என்றாள் ஜெமைமா. “அன்னைக்கு அவ்வளவு குளிரு. கெணத்துல ஐஸ் கட்டிக் கெடந்துச்சுன்னாங்க. அவளுக்கு... பச்சைத் தண்ணியா ஊத்தினீங்க?”

“அடி பைத்தியமே” என்றாள் திர்சா. “வெந்நீர் வச்சேன். முழங்கையை விட்டுப் பாத்துட்டுத்தான் ஊத்தினேன். உசிரோட இருக்கற பிள்ளைக்குப் பாக்கற மாதிரி. வெதுவெதுன்னு இருந்துச்சு. தலையைத் துவட்டி, அடுப்புப் பக்கமா உக்காந்து காய வச்சுத்தான் பின்னினேன்.”

“இதை ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ ஏன் கேக்கல?”

“பச்சைத் தண்ணின்னு சொல்லிட்டீங்கன்னா,” என்றாள் ஜெமைமா, “அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?”

பல்லால் கையுறையின் நுனியைக் கடித்து இழுத்துத் துப்பினாள். வெறுங்கையால் திர்சாவின் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது; அது மெதுவாகத்தான் சூடேறியது.

“மூடியாச்சு” என்றான் ஜேபஸ். எப்போதும் போலக் கத்தவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

பாட்டு விட்ட இடத்திலிருந்து எழும்பியது. திர்சாவுக்கு வார்த்தைகள் மறந்துபோயிருந்தன, வாயை மட்டும் அசைத்தாள். பாட்டு முடிந்ததும் ஓவென்று கத்திக்கொண்டு ஊர் சுவரை நோக்கி ஓடியது, அவளையும் இழுத்துக்கொண்டு ஓடியது. பாசி மூக்கில் பட்டது.

வளையம் எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு பாட்டு நேரம்தான். கைகள் விட்டன. கோட்டைத் தேடி ஓடினார்கள். “என் தொப்பியைப் பாருங்கடி! சொன்னேனா இல்லையா, பான்கேக்!” என்று தையல்காரி ஓலமிட்டாள். ஜேபஸ் சேறு சொட்டுகிற கோட்டைத் தூக்கிப் பிடித்து, “நாயே தேவலை” என்றான். சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். ஜெமைமா கையுறையைப் பொறுக்கிக்கொண்டு, தலை குனிந்தபடி கடைப் பக்கம் போய்விட்டாள். திர்சா தனியாகத்தான் வீட்டுக்குப் போனாள். ஒரு கோப்பையைக் கழுவி, ஒரு கோப்பையைத் துடைத்து வைத்தாள். தனிமை என்ன, ஒரு பாட்டில் ஓடிப்போகிற பண்டமா? மூட்டை கதவோரமே இருந்தது. ஒரு கை பிடித்தால் போதும் என்று நினைத்தவளுக்கு, பிடித்துவிட்டு விட்ட கையை என்ன கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

புதன்கிழமை காலை, பாதிரியார் செடியை வெட்டிவிட்ட கவலை மாறாத முகத்தோடு சாம்பல் நாள் ஜெபத்தை வாசித்து முடித்தார். வெளியே ஆம்ப்ரோஸின் வண்டி நின்றது. “முட்டைக் கூடைக்கு நடுவுல இடம் போட்டாச்சு, ஏறுறீங்களா?” என்றான்.

“இரு, வழிக்குக் கொஞ்சம் தேயிலை வாங்கிட்டு வந்துடறேன்” என்றாள் திர்சா.

கடையில் ஜெமைமா தேயிலையை நிறுத்து, பொட்டலம் கட்டி, பலகையின் மேல் வைத்தாள். ஒரு விரல் நீண்டது, பழக்கம். திர்சா அந்த விரலைப் பார்த்தாள். கீறல் இல்லாத விரல், அந்தப் புதன்கிழமைதான் முதல்முறை.

விரல் பொட்டலத்தைத் தொட்டு நின்றது. பிறகு ஜெமைமா பொட்டலத்தைத் திரும்ப எடுத்தாள். பலகையைச் சுற்றி வெளியே வந்தாள். திர்சாவின் கையை இழுத்து, உள்ளங்கையில் வைத்து, முட்டி முட்டியான அந்த விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

“பின்னினேன்னு சொன்னீங்களே,” என்றாள். “ஒத்தைப் பின்னலா, ரெட்டைப் பின்னலா?”

“ரெட்டை.”

ஜெமைமா தலையை ஆட்டினாள். “அவளுக்கு ரெட்டைதான் பிடிக்கும். உள்ள வந்து உக்காருங்க. இன்னும் கேக்கணும்.”

வெளியே ஆம்ப்ரோஸ் சவுக்கைத் தட்டிப் பார்த்தான், இருமிப் பார்த்தான், குதிரையோடு பேசிப் பார்த்தான். கடைசியில், “முட்டைக்காவது தாராளமா இடம் கெடச்சுது” என்று முனகிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

ஹாலிச் செடி அடுத்த வசந்தத்தில் துளிர்த்தது. யாரும் வெட்டவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. கோட்டு மாட்ட ஜேபஸ் தெற்கு மதிலில் வரிசையாக இரும்பு ஆணி அடித்தான். அந்த ஆணிகள் இன்னும் இருக்கின்றன.

போங்கள், என் கண்ணுகளா, நெருப்பு தணிந்துவிட்டது. உங்கள் வீட்டில் யாரும் பிறர் கோட்டைக் காத்துக்கொண்டு மதிலில் உட்காராதிருக்கட்டும். கேட்க வேண்டியதைக் கேட்கும் வாயும், சொல்ல வேண்டியதைச் சொல்லும் வாயும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு ஊற்றும் தண்ணீர் என்றைக்கும் வெதுவெதுப்பாக இருக்கட்டும், நீட்டின கை வெறுங்காற்றில் நிற்காதிருக்கட்டும்.